குரூசர் சைக்கிளுக்கு முன்போர்க் தேர்ந்தது: இதுவரை நடந்தது

ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து இறங்கும் குரூசர் சைக்கிள்கள் கிளிநொச்சிப் பக்கம் இப்போது ஆங்காங்கே கண்ணில் படுகின்றன. தடித்த 26 இஞ்சி ரயர், அகன்ற ஹாண்டில், நீண்டு வளைந்த பிரேம். வாய்க்கால் கட்டு வழியே கிறவலில் ஓட இதைவிட இதமான சைக்கிள் எனக்குத் தெரியாது. நான் திருத்தும் வண்டிக்கு வாங்கும்போதே முன்போர்க், அதாவது முன்சில்லை இரு பக்கமும் பிடித்து நிற்கும் கவை, பின்னால் மடிந்திருந்தது. நிமிர்த்தித் தரலாம் என்று வெல்டிங் கடையில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. பிரேமின் கழுத்துக் குழாய்க்குள் போகும் தண்டு, இரண்டு கால்களும் பிரியும் தோளோடு சேரும் இடத்தில் பெயின்ற் மயிரிழையாக வெடித்திருந்தது. பின் பிறேக் விட்டுப்போனால் காலை ஊன்றியாவது நிற்கலாம், அந்த இடம் ஓட்டத்தில் முறிந்தால் தப்ப வழியே இல்லை.

புதுப் போர்க் வாங்குவதென்றால் சில்லின் அளவை மட்டும் சொன்னால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போதாது. முதலில் தண்டு. என்னுடையது மரையுள்ள 1 இஞ்சித் தண்டு, வெளி விட்டம் 25.4 மி.மீ. இப்போது வரும் மவுண்டன் சைக்கிள் போர்க்குகள் பல 28.6 மி.மீ. அவை இந்தக் கழுத்துக் குழாய்க்குள் இருக்கும் பெயாரிங் கப்பினூடாகப் போகவே போகாது. தண்டின் உள் விட்டமும் முக்கியம்: அதற்குள் இறங்கும் என் ஹாண்டிலின் தண்டு 22.2 மி.மீ. அமெரிக்க பாணிக் குரூசர் போர்க்குகள் சிலவற்றில் உள்ளே 21.15 மி.மீ தண்டுதான் இறங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வேர்னியர் அளவுகோல் வைத்தால்தான் தெரியும்.

அப்புறம் தோளுக்கு மேல் கீழ்க்கோன், அதாவது கழுத்துப் பெயாரிங்கின் கீழ் வளையம், இறுகி உட்காரும் இடம். ஜப்பான் அளவில் அது 27.0 மி.மீ, மற்ற இடங்களில் பெரும்பாலும் 26.4. கடையில் பெட்டி பிரிக்காமல் இருந்த ஒரு போர்க் 26.4. என் கோனை அதில் போட்டால் ஆடும். தகரம் சுற்றி இறுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். முழுப் பாரத்தையும் தாங்கும் இடத்தில் தகரத்தை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

தண்டின் நீளத்தில் ஒரு சலுகை உண்டு. நீளம் கூடினால் மரை போதிய தூரம் இறங்கியிருக்கும்வரை மேலே வெட்டலாம், அல்லது லொக் நட்டுக்குக் கீழே வாசர் போடலாம். குறைந்தால் அந்தப் போர்க்கை மறந்துவிட வேண்டியதுதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது போர்க்கின் உயரமும், கழுத்தின் கோட்டுக்கு அச்சு எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்ற முன்வளைவும்தான். வண்டி எப்படித் திரும்பும் என்பதை இவை இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. என் போர்க் மடிந்திருந்ததால், கடையில் நின்ற அதே மாதிரி நல்ல வண்டி ஒன்றில் அளந்தேன். கோன் இருக்கும் இடத்தில் இருந்து அச்சு வரை 385 மி.மீ, முன்வளைவு 50, கழுத்துச் சாய்வு 68 பாகை. கழுத்தின் கோட்டை நிலம் வரை நீட்டினால் அது ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கு ஏறத்தாழ 80 மி.மீ முன்னால் விழும். இந்தத் தூரம் கூடினால் வண்டி நேரே போகவே விரும்பும், மெதுவாகத் திருப்பும்போது பாரமாக இருக்கும். குறைந்தால் ஹாண்டில் இலேசாகத் திரும்பும், மணலில் அலையும்.

சொக், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், வைத்த போர்க் போடச் சொன்னவர்கள்தான் அதிகம்.

"தம்பி, இந்தக் குண்டுக்குழி றோட்டுக்கு சொக் இல்லாமல் என்னெண்டு ஓடுறது?" என்று கடைக்கார அண்ணை கேட்டார்.

"சொக் நல்லதுதான் அண்ணை, ஆனா இந்தப் பிரேம் அதுக்குச் செய்ததில்லை" என்றேன்.

அவர் காட்டியது என் பழையதைவிட 70 மி.மீ உயரம். போட்டால் கழுத்து மூன்றரைப் பாகை அளவு பின்னால் சாயும், பெடல் அச்சும் 25 மி.மீக்கு மேல் உயரும். அந்த 80 மி.மீ தூரம் 100ஐத் தாண்டிவிடும். கூடையில் அரிசிப் பை வைத்தால் ஹாண்டில் தானாக ஒரு பக்கம் சரியும். தடித்த ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே குலுக்கல் பாதி அடங்கும்.

அடுத்தது லுமாலா என்ற இலங்கைச் சைக்கிளின் 28 இஞ்சிப் போர்க். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் விறகும் நெல்மூட்டையும் இந்தச் சைக்கிள்களில்தான் போயின, ஆகவே அதன் பலத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது 40 மி.மீ அகல ரயருக்காகச் செய்தது. என் ரயர் 54 மி.மீ, கால்களுக்கிடையில் நுழையாது.

கடைசியில் பழைய ஜப்பான் மவுண்டன் சைக்கிள் ஒன்றில் இருந்து கழற்றிய சொக் இல்லாத இரும்புப் போர்க் கிடைத்தது. தண்டு 25.4, கோன் இடம் 27.0, கால்களின் அடியில் அச்சுக்கு 100 மி.மீ இடைவெளி. எல்லாம் என் வண்டிக்குப் பொருந்துகிறது. உயரம் 395, முன்வளைவு 42. கணக்குப் பார்த்தால் தூரம் 80இல் இருந்து 92 வரை போகும். சந்தி முடக்கில் கொஞ்சம் பாரமாகத் திரும்பும், பரந்தன் முல்லைத்தீவு வீதி போன்ற நீண்ட நேர் ஓட்டத்துக்கு அது நல்லது. வாங்குமுன் கண்ணாடித் தட்டில் வைத்து இரண்டு காலும் ஒரே மட்டமா என்று பார்த்தேன், சில்லைப் பூட்டி நடுவில் நிற்கிறதா என்றும் பார்த்தேன்.

பூட்டியாகிவிட்டது. கிறீஸ் போட்டு இறுக்கிய பின் ஹாண்டில் சிக்காமல் ஆடாமல் சுழல்கிறது. மிச்சம் பிறேக்தான். இந்தப் போர்க்கில் வீ பிறேக் (இரண்டு நீண்ட கைகளால் சில்லின் விளிம்பைக் கவ்வும் பிறேக்) பூட்டும் முளைகள் இருக்கின்றன, ஆனால் பழைய பிறேக் பிடி அதற்குப் போதிய கம்பியை இழுக்காது. வீ பிறேக்குக்கான பிடி கிடைக்கும்வரை வண்டியை வளவுக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். மட்காட் கம்பிகளையும் ஒரு விரல்கடை நீட்ட வேண்டும்.