கஸ்ஸாலி இமாமுக்கு வந்த தவிப்பு

தொழுகையில் மனசு ஒட்டவில்லை, ஹிதாயத்தே (அல்லாஹ் காட்டும் நேர்வழியே) கைநழுவிப் போச்சோ என்று கலங்குகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பெரிய ஆசிரியர். 1095-ல் அவருக்கே அப்படி ஒரு தவிப்பு வந்தது. நான் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பேர் புகழுக்காகவா? கிட்டத்தட்ட ஆறு மாதம் இதே போராட்டம். வகுப்பில் நாக்கு எழவில்லை. ஒரு கவளம் சோறுகூட செரிக்கவில்லை. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். வேறு போக்கில்லாமல் அல்லாஹ்விடமே கையேந்தினார்.

அப்புறம் பதவியை விட்டு டமாஸ்கஸ் போனார். உமய்யா பள்ளிவாசலின் மினாராவில் (கோபுரத்தில்) ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தனியாக இருப்பார். இதையெல்லாம் அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நாமோ, சந்தேகம் என்று ஒருவர் வாய் திறந்தாலே வழிகேடர் என்று ஏசிவிடுகிறோம். வேதனையாக இருக்கிறது.

1106-ல் ஈரானின் நிஷாப்பூரில் மறுபடி பாடம் நடத்த உட்கார்ந்தார். முன்பு பதவி தேடித் தரும் கல்வியைச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது பதவியைத் துறக்க வைக்கும் கல்வியைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறார்.