மெக்கா அட்டவணை: குரலுக்கு ஒரு பத்தி போட்டதும் எல்லாம் பொருந்தியது

மெக்கா என்றால் ராட்சத ரோபோக்கள் வரும் ஜப்பானிய அனிமேஷன். அதில் முதல் கன்டம், வோட்டம்ஸ், எவாஞ்சலியன் மூன்று தொடர்களின் தொடக்க எபிசோடுகளையும் ஷாட் வாரியாகப் பிரித்து ஒரே அட்டவணையில் போடும் வேலை ஒருவழியாகப் பலன் தந்துவிட்டது. இவ்வளவு நாளும் எண்கள் குவிந்தனவே தவிர, அவற்றை வைத்து உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: இயந்திரம் நகரும்போது யாருடைய குரல் கேட்கிறது? அது நிரம்ப நிரம்ப, மூன்று இயக்குநர்களும் தனித்தனியாகப் பிரிந்து நின்றார்கள். அந்த சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன். ஸ்பாய்லர் தாராளமாக இருக்கும், முதல் கன்டத்தின் கடைசி எபிசோடு வரை, எவாஞ்சலியனின் 24-ஆவது எபிசோடு வரை.

பழைய பத்திகள் மூன்று: ஷாட்டின் நீளம், யாருடைய பார்வை, யாருடைய முகம். மூன்றாவதுதான் என்னை வதைத்தது. சண்டையின் நடுவே, இயந்திரத்தை உள்ளிருந்து ஓட்டும் விமானியின் முகம் திரையின் ஒரு மூலையில் வெட்டி ஒட்டப்படும், பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இதை முக ஷாட் என்பதா, இயந்திர ஷாட் என்பதா? தொலைத்தொடர்புத் திரையில் தெரியும் முகம் வேறு இருக்கிறது. அது பார்ப்பவரின் ஷாட்டா, பேசுபவரின் ஷாட்டா? பாதி மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன், தனி வகையாக ஒதுக்கிப் பார்த்தேன், முகத்தின் பரப்பை அளந்துகூடப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் கன்டமும், ஒப்பிடுவதற்காகச் சேர்த்த மேக்ராஸ் தொடரும் ஒன்றுபோலவே வந்தன. பார்க்கும்போது அவை ஒன்றுபோல இல்லவே இல்லை. அப்படியானால் வித்தியாசம் கண்ணுக்கு வரும் இடத்தில் இல்லை, காதுக்கு வரும் இடத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். ஃபிரேம் ஃபிரேமாக நகர எம்பிவி பிளேயர்தான் எனக்கு வசதி. முற்றுப்புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னே, காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே. குரலுக்கு ஆடாசிட்டி: வசனம் வரும் பகுதியைத் தேர்ந்து கன்ட்ரோல்-பி அழுத்தினால் லேபிள் விழும், எல்லா லேபிளையும் தொடக்க நேரம், முடிவு நேரத்துடன் டெக்ஸ்ட் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஷாட் மாறும் இடங்களை, அதாவது வெட்டுகளை, தானாகக் கண்டுபிடிக்கப் பைசீன்டிடெக்ட் என்ற நிரல் இருக்கிறது. சாதாரணப் படங்களுக்கு நன்றாக வேலை செய்யும். மெக்காவில் தலைவலி. பீம் ஒன்று பாய்ந்து திரை வெளுத்தால் அதை ஒரு வெட்டு என்கிறது, வெளுப்பு மறைந்தால் இன்னொரு வெட்டு என்கிறது. படம் எவ்வளவு மாறினால் வெட்டு என்று கொள்வது என்பதற்கு, அதன் detect-content முறையில் தொடக்க அளவு 27. அதை உயர்த்தினால் பொய் வெட்டுகள் குறையும், ஆனால் இருட்டு ஹேங்கரில் நடக்கும் உண்மையான வெட்டுகளும் கூடவே போய்விடும். ஆகவே பேச்சுக் காட்சிகளுக்கு மட்டும் அதை நம்பலாம். வெடிப்பு வந்தால் கையால்தான் எண்ண வேண்டும்.

இன்னொன்று, இதைச் செய்யப்போகிறவர்களுக்காக. கோப்பின் வேகம் 23.976 ஃபிரேமாக இருக்கும்போது கணக்கில் 24 என்று வைத்தால், 24 நிமிட எபிசோடின் முடிவில் ஏறக்குறைய ஒன்றரை வினாடி விலகிவிடும். ஷாட் நீளத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. குரலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, ஒருவர் பேசும் வாக்கியம் அடுத்த ஷாட்டின் தலையில் போய் விழுகிறது. இந்த அட்டவணையின் உயிரே அந்த இடம்தான், அதனால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

டிஸ்க் விஷயம். எந்த டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டலப் பூட்டு உண்டு: ஜப்பான், அமெரிக்க ப்ளூ-ரே இரண்டும் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். இங்கே வாங்கிய சாதாரணப் பிளேயரில் அவை ஓடுமா என்று கேட்டுக்கொண்டு காசு கொடுங்கள். நான் ஆன்லைனில் ஆர்டர் செய்த ஒரு பழைய டிவிடி பெட்டியை அட்டைக்குள் ஒரு தாள்கூடச் சுற்றாமல் அனுப்பியிருந்தார்கள். இரண்டு டிஸ்க் விளிம்பில் கீறி வந்தது, மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். சேகரிப்பவர்களின் பொருளை இப்படி நடத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எவாஞ்சலியனைப் பொறுத்தவரை 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததே போதும். குரல் பத்திக்கு மட்டும் எப்போதும் ஜப்பானிய ஒலித்தடம்தான். ஏன் என்று கீழே வருகிறது.

சரி, அட்டவணைக்கு வருவோம்.

1979 கன்டத்தின் முதல் எபிசோடு. சைடு 7 என்ற விண்வெளிக் காலனிக்குள் எதிரி ரோபோக்களான ஸாகுகள் புகுந்துவிட்டன. நாயகன் அமுரோ கையேட்டைப் புரட்டிக்கொண்டே முதல்முறையாக கன்டம் என்ற இயந்திரத்தை எழுப்புகிறான். அந்த நேரம் முழுக்கக் கேட்பது பெரும்பாலும் அவன் குரல்தான். எது எந்த விசை, என்ன ஆயுதம் இருக்கிறது, எதிரி என்ன செய்யப்போகிறான் என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். அந்தப் பேச்சை வைத்தே இயக்குநர் டொமினோ யோஷியுகி ஒரு பாத்திர வளர்ச்சியைச் சண்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறார். முதல் ஸாகுவை பீம் சேபர் என்ற ஒளிவாளால் வெட்டுகிறான், அது வெடித்துக் காலனியின் சுவரிலேயே ஓட்டை விழுகிறது, அமுரோவின் அப்பா அந்த ஓட்டை வழியாக வெளியே இழுக்கப்படுகிறார். இரண்டாவது ஸாகுவை வெடிக்கவிடாமல் காக்பிட்டை மட்டும் குத்த வேண்டும் என்று யோசித்துக் குத்துகிறான். ஓட்டையைப் பார்த்தான், பாடம் கற்றான், உடனே ஒரு மனிதனைக் குறிவைத்துக் கொன்றான். இது மொத்தமும் நமக்கு அவன் வாயாலேயே வருகிறது. எதிரி ஸாகுக்குள் இருப்பவர்களும் பேசுகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, அதிகாரியின் கட்டளையை மீறும் இளையவன் ஒருவன் இருக்கிறான். குரல் இரண்டு பக்கமும் சமமாக விழுவதால்தான் அது போர் போல இருக்கிறது, அரக்கன் வேட்டை போல இல்லை.

எவாஞ்சலியனின் அமைப்பும் கிட்டத்தட்ட அதுதான்: ஒரு பையன், இயந்திரத்தோடு சம்பந்தப்பட்ட அப்பா, பயிற்சியே இல்லாத முதல் சண்டை. ஆனால் இயக்குநர் அன்னோ ஹிதேயாகி குரலைப் பையனிடமிருந்து பிடுங்கிவிடுகிறார். 1995-இல் வந்த இரண்டாவது எபிசோடில் எவா என்ற இயந்திரம் ஓர் அடி எடுத்து வைக்கிறது, விழுகிறது, ஏஞ்சல் என்ற எதிரி உயிர் அதன் கையை முறிக்கிறது, தலையைத் துளைக்கிறது. உள்ளே இருக்கும் பையன் ஷிஞ்சி கத்துகிறான், ஆனால் என்ன நடக்கிறது என்று சொல்வது மேலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள். எந்த இணைப்பு அறுந்தது, எது சேதம், விமானி உயிரோடு இருக்கிறானா என்று அவர்கள் வாசிக்கிறார்கள். ஷிஞ்சியின் உடம்பைப் பற்றி வேறு யாரோ அறிக்கை கொடுக்கிறார்கள். அப்புறம் திரை இருள்கிறது, மருத்துவமனைக் கூரை வருகிறது. சண்டையின் மீதி அந்த எபிசோடின் இறுதியில்தான் நினைவாக வருகிறது. அங்கே இயந்திரம் தானாகவே வெறிகொண்டு அலறுகிறது. என் பத்தியில் முதல்முறையாக விமானி அல்லாத, கட்டளையிடுபவர் அல்லாத ஒரு குரலை எழுத வேண்டியிருந்தது: எவா.

இதைத்தான் நான் இத்தனை நாள் தேடினேன். அமுரோ தன் செயலுக்குத் தானே சாட்சி. ஷிஞ்சிக்கு மற்றவர்கள் சாட்சி. கதை, பாத்திரம், இயக்கம் என்று மூன்று தலைப்பில் பிரித்துப் பேசுவதெல்லாம் இந்த ஓரிடத்தில் ஒன்றாகிவிடுகிறது.

1983 வோட்டம்ஸ் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. கன்டத்தின் உயரம் 18 மீட்டர், வோட்டம்ஸின் ஸ்கோப்டாக் 4 மீட்டரைக்கூடத் தொடாது. இயந்திரமே ஒரு கவச உடை அளவுதான். நாயகன் கிரிகோ பேசுவதே அரிது. கண்ணாடியும் தலைக்கவசமும் முகத்தை மறைத்துவிடுகின்றன. அப்போது முகம் என்ற வேலையை இயந்திரத்தின் தலையில் சுழலும் மூன்று லென்ஸ்கள் எடுத்துக்கொள்கின்றன. லென்ஸ் சடக்கென்று மாறினால் அவன் முடிவெடுத்துவிட்டான் என்று நமக்குப் புரியும். குரல் பத்தியில் நான் எழுதியது பெரும்பாலும் பாதச் சக்கரங்கள் தரையில் உரசும் ஓசை, குத்துவிடும்போது கையிலிருந்து தோட்டா உறை தெறிக்கும் ஓசை. வாய் வேலையெல்லாம் அவன் கூட்டாளிகள் கோத்தோ, வானிலா, கோகோனா மூவருக்கும்தான். அண்டப் போரின் பெரிய கதையை அறிவிப்பாளர் சொல்லிவிடுகிறார். நாயகனின் வாயைக் கட்டிவைத்துவிட்டு 52 எபிசோடு இழுக்கும் துணிச்சல் தகாஹாஷி ரியோசுகேவுக்கு இருந்தது. என் கணக்கில் மெக்கா இயக்குநர்களிலேயே அதிகம் குறைத்து மதிப்பிடப்பட்டவர் அவர்தான்.

இந்த லென்ஸ் அசைவைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பண்டாயின் 1/20 ஸ்கோப்டாக் கிட் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அதற்குத் தனிப் பதிவு போடுவேன். இந்த முறை லாக்கர் வகைப் பெயின்ட் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் இருமல் வருகிறது.

ஜப்பானிய ஒலித்தடம் ஏன் அவசியம் என்றேன் அல்லவா? 1982 மேக்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் வேறு இரண்டு தொடர்களையும் சேர்த்து 1985-இல் அமெரிக்காவில் ரோபோடெக் ஆக்கினார்கள். மூலத்தில் மௌனமாக இருந்த இடங்களில் அறிவிப்பாளரும் புது வசனமும் வந்து உட்கார்ந்தன. மேக்ராஸில் விமானி ஹிகாருவும் கப்பல் அதிகாரி மிசாவும் ஒருவருக்கொருவர் முதலில் அறிமுகமாவதே தொலைத்தொடர்பில்தான். அவள் கப்பலின் கட்டுப்பாட்டு மேடையிலிருந்து கட்டளை போடுகிறாள், அவன் சின்னப் பிள்ளையாக அவளைக் கிழவி என்ற தொனியில் சீண்டுகிறான். பின்னால் வரும் காதலின் விதை அந்தக் குரல் சண்டையில் இருக்கிறது. அனிமேட்டர் இதானோ இச்சிரோ வரைந்த, ஏவுகணைகள் சுழன்று பாயும் காட்சிகளை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் முக ஷாட்டுகளில் ஒன்றுபோலத் தெரிந்த கன்டத்தையும் மேக்ராஸையும் பிரித்துக் காட்டியது மிசாவின் குரல்தான். அமுரோ தனக்குள் பேசுகிறான். ஹிகாருவுக்கு எப்போதும் ஒரு மறுமுனை இருக்கிறது.

தொடக்க எபிசோடுகளோடு நிறுத்தத்தான் திட்டம். முடியவில்லை. பத்தி சரியாக வந்ததும் முடிவுகளுக்குத் தாவிவிட்டேன்.

எவாஞ்சலியன் 24-ஆவது எபிசோடு. எவாவின் கைக்குள், ஷிஞ்சி கொல்ல வேண்டிய நண்பன் காவோரு. ஒரு நிமிடத்துக்கும் மேல் படம் அசையவில்லை. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி பாடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு முந்தைய சண்டைகளில் அறிக்கை வாசித்தவர்கள் யாரும் வாசிக்கவில்லை. மேலிருந்து ஒரு குரல் வந்து ஷிஞ்சிக்காகச் சொல்லிவிடாதா என்று நாம் காத்திருக்கிறோம், வரவில்லை. முதல்முறையாக அவன் செயலுக்கு அவன் மட்டுமே சாட்சி. அந்த ஷாட் ஏன் அவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு நீளம் மட்டுமே காரணமில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். 22-ஆவது எபிசோடின் லிஃப்ட் காட்சியும் சுமார் 50 வினாடி அசையாமல்தான் நிற்கிறது, அதன் அழுத்தம் வேறு மாதிரி.

கன்டம் 43-ஆவது எபிசோடு. 52 எபிசோடு என்று திட்டமிட்ட தொடரை 43-இல் முடிக்க வேண்டி வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அவசரத்திலும் என்ன முடிவு! தலை போன கன்டம் மேல்நோக்கிச் சுடும் அந்தப் புகழ்பெற்ற ஷாட்டில் அமுரோ உள்ளே இல்லை, இயந்திரம் தானியங்கியில் இயங்குகிறது. குரல் பத்தி காலி. அதன்பின் அமுரோவின் குரல் வருகிறது, இயந்திரமே இல்லாமல். ஆ பாவோ ஆ கூ கோட்டைக்குள் சிக்கிய நண்பர்கள் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் பேசி, வெளியேறும் வழி சொல்கிறான். முதல் எபிசோடில் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து தனக்கு மட்டும் பேசிய பையன், கடைசியில் இயந்திரம் இல்லாமல் எல்லோருக்கும் பேசுகிறான். நியூடைப், அதாவது இப்படி மனதோடு மனம் பேசக்கூடியவர், என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். எனக்கு அட்டவணையின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அடுத்தது 2021-இல் வந்த எய்ட்டி-சிக்ஸ். இந்தப் பத்திக்காகவே எடுத்த தொடர் போல இருக்கிறது. கட்டளையிடும் லேனா பாதுகாப்பான சுவருக்குள், சண்டையிடும் ஷின் போர்முனையில், இடையில் குரல் மட்டும். ஒரே நிகழ்வை இயக்குநர் இஷீ தோஷிமாசா முதலில் அவள் பக்கமிருந்தும் பிறகு அவன் பக்கமிருந்தும் காட்டும்போது, ஒரே வசனம் இரண்டு இடத்தில் விழும். அதை ஒரு வரியாக எழுதுவதா, இரண்டாகவா என்று யோசித்து இரண்டாகப் பிரித்து, நடுவில் இணைப்பு எண் போட முடிவு செய்திருக்கிறேன். முதல் நான்கு எபிசோடு லேபிள் முடிந்தது.

அது முடிவதற்குள் பாட்லேபருக்கும் கை நீள்கிறது. போலீஸ்காரி நோவா தான் ஓட்டும் இங்ராம் ரோபோவோடு பேசுகிறாள், கூட்டாளி அசுமா வண்டியிலிருந்து அவளுக்கு வழி சொல்கிறான். நேரடியாக வீடியோவாக வந்த 1988 ஓவிஏவில் தொடங்குவதா, 47 எபிசோடு டிவி தொடரில் தொடங்குவதா என்று முடிவாகவில்லை. டிவி தொடரில் இருவரும் பேசும் நேரம் அதிகம், ஓவிஏவில் இயக்குநர் ஒஷீ மாமோருவின் கை இருக்கிறது. இரண்டையும் இந்தக் கண்ணோடு பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த எபிசோடில் அசுமாவின் குரல் இல்லாமல் நோவா தனியாகச் சண்டை போடுகிறாள் என்று சொல்லுங்கள். அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.