பூந்திக்கொட்டைக் கரைசல்: கொட்டை வேண்டாம், தோல் போதும்

துணி துவைக்கும்போது அழுக்கை எடுக்கும் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் பூந்திக்கொட்டையின் தோலில்தான் இருக்கிறது. உள்ளிருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிடுங்கள்.

விதை நீக்கிய தோல் 100 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கட்டும். பெரிய பாத்திரமாக எடுங்கள், நுரை பொங்கி வழியும். ஆறியதும் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். திப்பி தங்கினால் துவைக்கும் துணியில் ஒட்டும்.

பலர் தவறுவது சேமிப்பில்தான். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மீதியை ஐஸ் தட்டில் உறையவைக்கலாம்.

பட்டுக்கும் கம்பளிக்கும் இதைவிட மென்மையானது அரிது. எண்ணெய்க் கறைக்கு மட்டும் முன்கூட்டியே தேய்த்து ஊறவைக்க வேண்டும். வெள்ளைத் துணியை உடனே நன்றாக அலசுங்கள், இல்லையேல் பழுப்பேறும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். செடியிலிருந்து வந்ததுதானே என்று குளத்தில் கொட்டிவிடாதீர்கள்: சபோனின் மீன்களுக்கு நஞ்சு.