பதிமூன்று வயது சித்தி

டிவியில் ‘மூன்று முடிச்சு’ ஓடிக்கொண்டிருந்தது. சேனலை மாற்றப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ரஜினிக்குச் சித்தியாக, புடவையில் நிமிர்ந்து நிற்கிறார் ஸ்ரீதேவி. படம் வந்தது 1976 அக்டோபரில். அவர் பிறந்தது 1963 ஆகஸ்டில். கணக்குப் போட்டால் பதிமூன்று வயது. எதிரில் நிற்கும் ‘மகனுக்கு’ இருபத்தைந்து!

சும்மா சொல்லக்கூடாது, அந்த முறைப்பில் ரஜினியே ஒரு படி இறங்கித்தான் தெரிகிறார்.

1969-இல் ‘துணைவன்’ படத்தில் குழந்தை முருகனாக வந்த அதே முகம். நடுவில் ஏழே வருடம்.

‘மூன்று முடிச்சு’விலேயே இன்னொரு முன்னாள் குழந்தை நட்சத்திரமும் இருக்கிறார். 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அறிமுகமாகி, ஜனாதிபதி விருது வாங்கிய கமல். ஆனால் அவருக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. டி.கே.எஸ். நாடகக் குழு, அப்புறம் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர் வேலை. மீசை அரும்பும் வயதில் யாரும் அவரை குளோசப்பில் பார்க்கவில்லை. தப்பும் தவறுமாக வளர்ந்துகொள்ள முடிந்தது.

ஸ்ரீதேவிக்கு அதுகூட இல்லை. முருகன் வேஷத்தைக் கலைத்ததும் கையில் புடவையைக் கொடுத்துவிட்டோம். அடுத்த வருடமே ‘16 வயதினிலே’ மயிலு. படம் வெளியானபோது நிஜ வயது பதினான்கு.

‘என்னமா நடிக்குது இந்தப் பொண்ணு’ என்று ஊரே கொண்டாடியது. ஸ்கூல் என்னாச்சு என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?