மழை நின்றதுதான் வினை

"நவம்பரில் கோத்தகிரியில் சைக்கிள் பந்தயமா? புத்தி இருக்கிறவன் போவானா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நீலகிரியின் மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்து உயிர்கள் போனதை ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ஆனாலும் பணம் கட்டியாகிவிட்டது. போகாமல் இருக்க மனசு வரவில்லை.

கோவையிலிருந்து நண்பரின் காரில் கிளம்பினோம். சக்கரங்களைக் கழற்றி, இரண்டு சைக்கிள்களையும் பின் சீட்டில் திணித்திருந்தோம். மேட்டுப்பாளையத்தில் தூறல். குஞ்சப்பனையில் யானை ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறினோம். அரவேனு தாண்டியதும் வைப்பர் போதாத மழை.

பந்தயம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள். ஒரு சுற்று 14 கிலோமீட்டர், மொத்தம் இரண்டு சுற்று. வந்திருந்தவர்கள் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். காய்ந்த மண்ணில் 28 பிஎஸ்ஐ காற்று வைப்பேன், அன்றைக்கு 20க்கு இறக்கினேன். டயர் கொஞ்சம் தளர்ந்தால்தான் மண்ணில் அகலமாகப் பதிந்து பிடிக்கும். சேறு ஒட்டாமலிருக்க, ஃபிரேமின் அடியிலும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உட்பக்கத்திலும் பணியாரக் கல்லுக்குத் தடவுகிற மாதிரி சமையல் எண்ணெய் தடவினேன். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அப்புறம் அவரே வந்து கொஞ்சம் எண்ணெய் கேட்டார்.

முதல் சுற்று முழுக்க மழை. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. செம்மண் கரைந்து ஆறாக ஓடியது. சக்கரம் அதை வாரி முகத்தில் அடித்ததே தவிர, ஒட்டவில்லை. சில்வர் ஓக் மர வேர்கள்தான் விரால் மீன் மாதிரி வழுக்கின. வேரைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பறிந்துவிடும். நேர்க்குத்தாக, பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். தெரிந்திருந்தும் இரண்டு முறை விழுந்தேன். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்க நேரமில்லை, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவாகவே சுற்று முடிந்தது.

சரி, இன்னொன்றும் இப்படியே ஓடிவிடும் என்று நினைத்தபோது மழை நின்றது. வெயில்கூட வந்தது. ஓரத்தில் குடை பிடித்து நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

கேழ்வரகு மாவில் தண்ணீர் கூடினால் கூழ், குறைந்தால் களி. செம்மண்ணும் அப்படித்தான். களிமண் கலந்த அந்த மண்ணில் ஓடிய தண்ணீர் வடிந்ததும், பாதை முழுக்கக் களியாக இறுகியது. ஒவ்வொரு உருளலுக்கும் டயர் ஒரு பட்டை மண்ணைச் சுற்றிக்கொண்டது. ஐம்பதடி போவதற்குள் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் இருந்த இடைவெளி அடைந்து, சக்கரம் நின்றேவிட்டது. எண்ணெய் எல்லாம் முதல் சுற்று மழையிலேயே போயிருந்தது. எனக்கு முன்னால் போனவர் எழுந்து நின்று பெடலை ஓங்கி மிதித்தார். செயின் மண்ணில் சிக்கி, பின்னால் கியர் மாற்றும் ரியர் டெரெய்லர் அப்படியே திருகிக்கொண்டு ஸ்போக்குக்குள் போய்விட்டது. அவருக்குப் பந்தயம் அதோடு முடிந்தது.

பெல்ஜியத்தில் சைக்கிளோகிராஸ் என்கிற சேற்றுப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அரைச் சுற்றுக்கு ஒருமுறை சேறான சைக்கிளைக் கொடுத்துவிட்டு, கழுவி வைத்த இன்னொன்றில் ஏறிப் போய்விடுவார்கள். நமக்கு ஏது இரண்டாவது சைக்கிள்? ஒன்றுக்கே இன்னும் தவணை போகிறது.

தோளில் தூக்கி நடந்தேன். மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, ஏறிப் போறதுக்குத்தானே சைக்கிளு?"

"சக்கரம் சுத்தலை பாட்டி."

"நடுவுல போனா எப்படிச் சுத்தும்? ஓரத்துல கவாத்துக் குப்பை கெடக்கு பாரு, அது மேல போ. இந்தா, இதை வச்சுச் சொரண்டு."

கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்றைக் கொடுத்தார். விரல் தடிமன்தான் இருக்கும், இரும்பு மாதிரி கெட்டி. தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து வந்தாராம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. காலில் அப்பும் சேற்றை அந்தக் குச்சியால்தான் வழிப்பாராம்.

அதற்கப்புறம் அதுதான் என் பந்தயம். ஓரத்துச் சருகின் மேல் ஓட்டுவது, சக்கரம் அடைத்ததும் இறங்கிச் சுரண்டுவது, மறுபடி ஏறுவது. இறக்கங்களில் பிரேக் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. முந்தின நாள் போட்ட புது ரெசின் பிரேக் பேடு, மண் தேய்த்துத் தேய்த்துத் தகடு வரைக்கும் போயிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் ஆனது. எத்தனையாவது இடம் என்று நண்பர் கேட்டார். முடித்தவர்களில் பதினொன்று. எத்தனை பேர் முடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் கொழுந்து எடை போடும் கொட்டகை. ஆசையாக இருந்ததால், கேட்டுக்கொண்டு சைக்கிளைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். காலையில் 13 கிலோ இருந்த வண்டி. முள் 21க்கு மேல் போய் ஆடியது.

எடை போடுகிறவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்குவோம் சார்."