‘ஏன்’ என்று எழுதாமல் எம் புக்கைக் கேளுங்கள்

உள்ளாட்சி அலுவலகங்களுக்கு வரும் தகவல் உரிமை மனுக்களில் எளிதில் தள்ளுபடியாவது, ‘எங்கள் தெருச் சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது? யார் பொறுப்பு?’ என்ற ரகம். பதில் எழுதும் எழுத்தருக்கு அது அல்வா. காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. கையில் உள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், புதிதாக விளக்கம் தயாரிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கிவிட்டது.

ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் இந்த வழி அடைபடும். சேலம் மாநகராட்சியின் அம்மாபேட்டை மண்டலத்தில் ஒரு சிமென்ட் சாலை என்று வைத்துக்கொள்வோம். வார்டு, தெரு, நிதியாண்டு மூன்றையும் எழுதி, மதிப்பீடு, பணி ஆணை, பில், தரச்சோதனை அறிக்கை, அந்த வேலைக்கான எம் புக் (முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) பக்கங்கள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். விஷயம் இருப்பது எம் புக்கில்தான். நீளம் 100 மீட்டர், அகலம் 3, கனம் 0.15 என்று பதிவாகியிருந்தால் 45 கன மீட்டருக்குப் பணம் போயிருக்கிறது. தரையில் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் போட்டது 30. ஓரம் மட்டும் மெலிந்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். சாலைக்குப் போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கோப்பு பெரிதென்றால் முதலில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. வேண்டிய பக்கங்களைக் குறித்துக்கொண்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் என்ற செலவும் சுருங்கும்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. மலைப்பாதை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊருக்குள் போகும் சாலை ஊராட்சியுடையதாகவோ ஊராட்சி ஒன்றியத்துடையதாகவோ இருக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை வந்துவிடும். ஒன்றிய அலுவலகத்திலேயே வட்டார ஊராட்சிக்கு ஒரு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), கிராம ஊராட்சிக்கு ஒரு பி.டி.ஓ. யாருக்கு எழுதுவது என்று குழம்பி மனுவைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இடம் மாறி வந்த மனுவை 5 நாளுக்குள் உரியவருக்கு அனுப்புவது பிரிவு 6(3)-இன்படி அலுவலகத்தின் வேலை.

10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனு அனுப்பியதற்கு அதுதான் ஆதாரம்.

பதிலுக்கு 30 நாள் கெடு. நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் புறப்பட்ட நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரை இந்தக் கணக்கில் சேராது. கட்டத் தாமதித்துவிட்டு அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே சமயம், கெடு தாண்டித் தருகிற நகலுக்குக் காசு வாங்கக் கூடாது, பிரிவு 7(6). பதிலே வரவில்லையென்றால் கெடு முடிந்த அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதிவிட வேண்டும். நினைவூட்டல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் அந்த நாட்களும் கரைந்துவிடும்.