திருப்பத்தூர் ஜெபாலயத்தில் ஒரு நாள்

வட ஆற்காட்டில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே நிறையப் பேருக்குத் திருப்பத்தூரில் கோபுரம் வைத்துக் கட்டிய கிறிஸ்தவ ஆலயம் ஒன்று இருப்பது தெரியாது. வேலூர் என்றால் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அப்புறம் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச், அதோடு முடித்துக்கொள்கிறோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை, அந்த ஆலயம் இருக்கிற கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு நாங்கள் போய் வந்தோம். நான், மனைவி, எழுபதைத் தாண்டிய என் மாமியார், பிளஸ் ஒன் படிக்கும் தங்கை மகன்.

போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. கொஞ்ச காலமாகவே எங்கள் சபையில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான், காலம் மாறிப்போச்சு, பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், போன இடத்தில் சர்ச்சுக்குப் போகிறார்களா என்று தெரியவில்லை, இங்கேயோ ஞானப்பாட்டு பாடின இடத்தில் டிரம்ஸும் கீபோர்டும் வந்துவிட்டது, பாட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகத் திரையில் வரிகள் ஓடுகின்றன என்று. எனக்கும் அந்தக் கவலை உண்டு. விசுவாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம், சரி, எதைப் பிடித்துக்கொள்வது?

காலையில் முதலில் சி.எம்.சி. சாப்பலில், அதாவது ஆஸ்பத்திரியின் சிற்றாலயத்தில், கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஐடா ஸ்கடர் சாலையில் அந்த நேரத்துக்கே கூட்டம். தமிழ்ப் பலகைகளுக்கு நடுவே வங்காள எழுத்து, கையில் ரிப்போர்ட் பையோடு கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள். சாப்பலுக்குள் எங்கள் முன்னால் ஓர் அம்மா முக்காட்டோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், எந்த ஊரோ, யாருக்கு என்ன நோயோ. அவருக்காகவும் ஜெபித்தேன்.

ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா, 1900இல் ஒற்றைப் படுக்கையோடு இந்த ஆஸ்பத்திரி ஊழியத்தை ஆரம்பித்த கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் நான் அதிகம் நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். பெண்கள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பதற்காகவே 1918இல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். 1930களின் கடைசியில் அரசாங்கம் பழைய டிப்ளமோ படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தியே ஆக வேண்டும் என்றபோது எல்லாமே ஆட்டம் கண்டது. அந்தத் தரத்துக்கு உயர்த்தும் முயற்சியில் கடைசியில் 1947இல் ஆண்களையும் சேர்த்தார்கள். தன் வாழ்நாள் வேலையின் அடையாளமே மாறுவதை எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மனுஷி ஏற்றுக்கொண்டார் என்றால், அவர் பிடித்துக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஒன்று என்றுதானே அர்த்தம்? ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்பதுதான் இன்றும் அந்தக் கல்லூரியின் வாக்கு.

காட்பாடியில் வண்டி ஏறி ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ். ரயில் ஜன்னலில் ஆம்பூர், வாணியம்பாடி, வறண்ட பாலாறு, தூரத்தில் ஏலகிரி.

ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் மரநிழல். ஜெபாலயம் முழுக்கக் கருங்கல், திராவிட பாணிக் கோபுரம், அதன் உச்சியில் சிலுவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் கல்தூண்களும் வெறும் தரையும்தான். "மாமா, பெஞ்சே இல்லையே, எல்லாரும் எங்க உக்காருவாங்க?" என்றான் பையன். நான் பதில் சொல்வதற்குள் மாமியார், முழங்கால் வலியையும் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையை மெதுவாகப் பாட ஆரம்பித்துவிட்டார். கல் மண்டபத்தில் அந்தக் குரல் எப்படி நிறைந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை. பையனும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

இந்த ஆசிரமத்தை 1921இல் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். சவரிராயன் ஜேசுதாசன், நம் தமிழர். எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் நல்ல வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் எல்லோரும் அவர்களைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக, அதே கதர், அதே சைவச் சாப்பாடு, கல்யாணம் செய்துகொள்ளாமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த தெருவில் கதரோடு நின்ற பேட்டன் மேல் போலீஸ் சாயத் தண்ணீர் அடித்து, தடியாலும் அடித்தது. அதற்குப் பிறகும் அவர் கதரை விடவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை.

இவர்கள் உடையை மாற்றினார்கள், சாப்பாட்டை மாற்றினார்கள், ஆலயத்தின் உருவத்தையே மாற்றினார்கள். மாற்றாதது ஜெபமும், பக்கத்தில் இருப்பவனின் நோயைத் தொட்டுப் பார்த்த கையும். "இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்" என்ற எபிரெயர் 13:8 வசனம் எங்கள் வீட்டு ஹாலில் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. மாறாதவர் அவர். என் பெஞ்சும் என் பாட்டுப் புத்தகமும் மாறக்கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது கீபோர்டைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது. சாயங்காலமானால் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் உட்காருவதும், தெருவில் காய்ச்சலில் கிடப்பவரை எட்டிப் பார்க்காமல் இருப்பதும்தான் உண்மையான ஆபத்து. பிள்ளைகள் டிரம்ஸ் அடிக்கட்டும். அதே பிள்ளைகளை ஆஸ்பத்திரி வார்டுக்கும் கூட்டிப்போவோம்.

1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், 2019இல் திருப்பத்தூரே தனி மாவட்டமானது, ஆசிரமத்தின் முகவரிதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

திரும்பி வந்த வாரத்திலேயே குடும்ப ஜெபத்தை மறுபடி ஆரம்பித்தோம். இரவு ஒன்பது மணிக்கு வீடியோ காலில் பெங்களூரில் இருக்கும் மகனும் சேர்ந்துகொள்கிறான். சங்கீதத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிக்கிறோம், மருமகளுக்குத் தமிழ் படிக்க வராது, அவள் தன் முறை வரும்போது தெலுங்கில் வாசிக்கிறாள், மாமியார் அதற்கும் சத்தமாக ஆமென் சொல்கிறார்.